பன்னிரண்டு நாற்பது

"கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பூதக்கண்ணாடி அக்கா என் அறைக்குள் வந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். விசாரணைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் அக்கா பாதுகாப்பு ஆய்வாளர். ஒரு போல்ட்டைக்கூட மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார் என்பதால் அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். இப்போது அவரே போனில் "பூதக்கண்ணாடி பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்றாம் நம்பர் கிரேனின் இரும்பு வடம் அறுந்தது. கீழே நின்ற வெல்டர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

வடத்தில் இழை பிரிந்திருக்கிறது, கிரேனை எடுக்க வேண்டாம் என்று ஒன்பது பத்துக்கே கம்ப்யூட்டரில் அடித்துப் பொது ஃபோல்டரில் போட்டதாக அக்கா சொல்கிறார். அந்த ஃபோல்டரைப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜர் கிரேனை எடுக்கச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதெல்லாம் செல்லாது என்று ஆறு மாதத்துக்கு முன்பே சுற்றறிக்கை விட்டாயிற்று.

கிரேனை எடுக்கச் சொல்லும் முன் பார்த்தேன், அப்போது அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறார் மேனேஜர்.

கோப்பு இருக்கிறது. ஆனால் எழுதிய நேரம் பன்னிரண்டு நாற்பது என்று காட்டுகிறது.

அதாவது, சாவு விழுந்த பிறகு தன் தலை தப்புவதற்காக அக்கா எழுதி வைத்துவிட்டார் என்று ஆகிறது. வேலை போவது இருக்கட்டும். போலீஸ் வரும்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேன்டீனில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சொந்தக் கையெழுத்தைக்கூட நம்பாதவர்கள் இவர்கள்.

கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆலையில் சர்வரைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நாலு நாள் உட்கார்ந்தேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சர்வரின் கடிகாரத்தைச் சோதித்தேன், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. வெளியாள் யாரும் உள்ளே புகவில்லை. தினமும் தானாக நகல் எடுக்கிற வேலை ராத்திரி மட்டும்தான் நடக்கிறது, பகலில் நடக்கவில்லை. யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று குறித்துவைக்கும் வசதி எங்களிடம் கிடையாது. அதற்கு டிஸ்கில் இடம் வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

எல்லாவற்றையும் மூன்று பக்க அறிக்கையாக அடித்து வைத்திருந்தேன். அக்கா வாங்கிப் படித்தார். போல்ட்டைப் பார்ப்பதுபோலவே படித்தார்.

"அன்னைக்குக் காலையில போட்டது மொத்தம் நாப்பது ஃபைல். முப்பத்தொம்போதும் ஒழுங்கா நேரம் காட்டுது. என்னோடது மட்டும் ஏன் தம்பி மாறணும்?"

"அதான் பிடிபடலக்கா."

அவர் அறிக்கையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் அவர் கணவரே நேற்று கேட்டாராம், என்கிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லு, அப்புறமாத்தானே எழுதினே என்று. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். சொல்லும்போது அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல விடு. இத்தனை பேர்ல எனக்காக மண்டைய உடைச்சுக்கிட்டது நீ ஒருத்தன்தான்."

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தேன்.

போன வாரம் சர்வரில் டிஸ்க் நிரம்பியிருந்தது. ஃபோல்டரைப் புது டிஸ்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க எனக்கு ஆசை. அந்த வெள்ளிக்கிழமை வடம் அறுந்த பிறகு மதியம் வரை எல்லோரும் கிரேன் பக்கமே நின்றார்கள். கம்ப்யூட்டரைத் தொட ஒரு ஆள் இல்லை. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மாற்றும்போது, பழைய நேரத்தை அப்படியே வைத்துக்கொள் என்று திரையில் வரும் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். போட மறந்தேன். நாற்பது கோப்புகளும் பன்னிரண்டு நாற்பது ஆகிவிட்டன.

இரண்டு மணிக்கு மேனேஜர் அக்காவின் கோப்பைத் திரையில் திறந்து போட்டோ எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மற்ற கோப்புகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் தப்பில் அவர் குளிர்காய்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே பழைய டிஸ்கிலிருந்து மற்ற முப்பத்தொன்பதையும் சரியான நேரத்தோடு திரும்ப எடுத்து வைத்தேன். அக்காவுடையதைத் தொட முடியவில்லை. போட்டோவில் இருப்பது மாறினால் யார் மாற்றியது என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு பழைய டிஸ்கைச் சுத்தமாக அழித்தேன்.

விசாரணை அறைக்குள் போனோம். மேசைக்கு எதிரில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பில் பேச ஒரே ஒருவரைக் கூட்டிவரலாம் என்பது இங்கே வழக்கம்.

அதற்கான தாளில் அக்கா என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.