கலோரி சரியாகத்தான் இருக்கிறது

"நம்பர் சரியா வந்திருச்சுல்ல? அப்புறம் கையெழுத்துப் போட என்னம்மா கேடு?"

பிஸ்கட் கம்பெனி முதலாளி மேஜையில் ஓங்கித் தட்டினார். வாசலில் சரக்கோடு லாரி நிற்கிறது. சர்ட்டிபிகேட் இருந்தால்தான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சரக்கை இறக்க விடுவார்கள். இன்றைக்கு விட்டால் ஆர்டர் அடுத்தவனுக்குப் போய்விடும்.

"கொஞ்சம் உக்காருங்க சார்" என்றாள் லேப் பெண்.

பிஸ்கட்டைப் பொடித்து, மாத்திரை மாதிரி அழுத்தி, இரும்புக் குடுவைக்குள் எரித்தாகிவிட்டது. குடுவையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடானதோ, அதுதான் கலோரிக் கணக்கு. அட்டையில் போட்டிருந்த அதே அளவு. வரும் என்று முதலாளிக்கு முன்பே தெரியும்.

பிறகு ஏன் இழுக்கிறாள்?

அவள் மேஜை டிராயரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அதிலிருந்து ஒரு சிட்டிகையை அழுத்தி, குடுவைக்குள் வைத்து மூடினாள்.

முதலாளியின் கண் சுருங்கியது. அது அவர் கொடுத்த சரக்கு இல்லையே! போட்டிக்காரன் ஆளா? இல்லை, கை நீட்டுகிற ரகமா?

"இந்தாம்மா, நான் மூட்டை தூக்கி மேல வந்தவன். எவன் எதுக்கு இழுத்தடிக்கிறான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். பேச்சைச் சுருக்கு. எவ்வளவு வேணும்?"

"எது சார் எவ்வளவு?"

"அடடா, பச்சைப் பிள்ளை! ஒண்ணுமே தெரியாது!"

அவள் முகம் சிவந்தது. "எனக்கு ஒரு சந்தேகம் சார். உங்க மேல இல்ல, இந்த மெஷின் மேல."

"மெஷின் மேலயாம்! யார்கிட்ட கதை விடுறே?"

குடுவைக்குள் பொறி தட்டியது. தண்ணீர் சூடேறி நின்றது. அவள் மெஷினின் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. இதுவும் கிட்டத்தட்ட உங்க பிஸ்கட் அளவுக்கே வந்திருக்கு."

"இது எந்தக் கம்பெனி பிஸ்கட்டு?"

"பிஸ்கட்டே இல்ல சார். பக்கத்து அறையில அலமாரி செய்யறாங்க. அங்கே அள்ளின மரத்தூள். எதைப் போட்டாலும் நெருப்பு கலோரின்னுதான் காட்டும் போல."

நாற்காலி பின்னால் சாய, முதலாளி துள்ளி எழுந்தார்.

"மரத்தூளா! எவன் போட்டுக்கொடுத்தான்? அபாண்டமாப் பேசாதே! சத்தியமாச் சொல்றேன், நான் கலந்தது வெறும் உமிதான்!"