தவராசா ஏறின கப்பல்

"நீ என்ன கல்லோ, மரமோ? தகப்பன் போன கப்பலைப் பிள்ளை மாய்ஞ்சு மாய்ஞ்சு தேடுறாள். நீ வாயிலை கொழுக்கட்டையோ வைச்சிருக்கிறாய்?"

கமலாசனி கேட்டாள். ஜெயரூபி கதிரை நுனியில் இருந்தபடி நிலத்தைப் பார்த்தாள்.

கமலாசனிக்கு மழுப்பல் ஆகாது. கொன்வென்ற்றில் படித்தவள். கிளிநொச்சியில் அந்த ஒழுங்கையில் யாருக்கு இங்கிலீசுக் கடுதாசி வந்தாலும் அவள் குசினி வாசலுக்குத்தான் வரும். வாசித்தும் சொல்லுவாள், கூடவே நாலு ஏச்சும் கொடுப்பாள்.

இன்றைக்கு வந்தது ஒரு கப்பல்.

ஒரு காலத்தில் ஆமிக்காரரை ஏற்றி இறக்கிய பழைய பயணிகள் கப்பல். ஓடிக் களைத்ததும் உடைப்பதற்கு இந்தியாவுக்கு விற்றார்கள். அந்தக் கடைசி ஓட்டத்துக்குச் சமையல்காரனாய் ஏறினவன் ஜெயரூபியின் புருசன் தவராசா. போனவன் போனவன்தான். மகள் சுரேகாவுக்கு அப்போது பால்பல்லும் விழவில்லை.

இப்போது அவளுக்கு மல்லாவியில் மாப்பிள்ளை பேசியாயிற்று. பெட்டைதான் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"அப்பா உயிரோடை இருந்தால், மாமா எப்பிடி அன்ரி என்னைத் தாரைவார்த்துக் குடுக்கிறது? அவர் வரட்டும். இல்லாட்டி, இல்லையெண்டாவது தெரியட்டும்."

சுரேகா போனை நீட்டினாள். அதில், கப்பல்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இரண்டு பேரின் பதிவுகள். அது வழியில் புயலில் மூழ்கியது, ஒருவரும் தப்பவில்லை என்கிறார் ஒருவர். கரைக்கு வந்து சேர்ந்தது, அங்கேதான் உடைத்தார்கள் என்று படமும் போட்டிருக்கிறார் மற்றவர்.

"இங்கிலீசு எனக்குப் பாதிதான் விளங்குது. எது சரி அன்ரி?"

"பொறு, வாசிக்க விடு."

கமலாசனி கண்ணாடியைப் போட்டாள். முதலாமவர் புயலுக்கு அடுத்தநாள் வந்த பேப்பர்ச் செய்தியை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார். பிறகு என்ன நடந்ததென்று பார்க்கவேயில்லை, சோம்பேறி! இரண்டாமவரின் படம் புயலுக்குப் பிறகு எடுத்தது. கப்பல் மணலில் ஏறி நின்றது. கீழே பொடி எழுத்தில், முதலாமவர் குறித்திருந்த அதே பதிவிலக்கம். வேலையாட்கள் எல்லாரும் சுகமாய் இறங்கிப் போனார்கள் என்றும் எழுதியிருந்தது.

சந்தேகத்துக்கே இடமில்லை. சொல்ல வாயெடுத்தாள்.

"அன்ரி..." சுரேகா முந்திக்கொண்டாள். "கப்பல் கரைக்கு வந்திருந்தால், அப்பா ஏன் எங்களிட்டை வரேல்லை?"

கொன்வென்ற்றில் பொய் சொன்ன பிள்ளைகளை மதர் முழங்காலில் நிறுத்திய விறாந்தை கமலாசனிக்கு ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

"படத்திலை நிக்கிறது இதின்ரை சோடிக் கப்பல், பிள்ளை. ரண்டும் ஒரே அச்சு. படம் போட்டவர் மாறிப் போட்டிட்டார். கொப்பர் போன கப்பல் கடலோடை போயிட்டுது."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"எனக்கே படிப்பிக்கிறியோ? கரை கண்டிருந்தால் அந்த மனுசன் உன்னட்டைத்தானே ஓடி வந்திருக்கும்!"

சுரேகா முகத்தைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

ஜெயரூபி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள்.

கமலாசனிக்குப் பொறுக்கவில்லை. எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"துடையாதை! உனக்கு மட்டும் சொல்லுறன் ஜெயரூபி, நான் சொன்னது..."

"மெல்லக் கதையுங்கோ அக்கா. பிள்ளைக்குக் கேக்கும்."

ஜெயரூபி கையை விடுவித்து, மிச்சக் குங்குமத்தையும் துடைத்தாள்.

"அவர் அங்கை வேறை ஒருத்தியோடை இருக்கிறார் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். செத்தாலாவது பிள்ளைக்குத் தகப்பனாய் மிஞ்சட்டும்."