ஜோடிச் சோதனை

வீட்டுக்காரம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வருகிற வேகத்தைப் பார் என்பதுபோல, வீடு பார்க்க வந்த அவளைப் பார்த்தார்.

அவள் தலையாட்டினாள். தோள்பைக்குள் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட மொட்டைமாடி. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே வீட்டைக் கேட்டு வந்த நர்ஸிடம், “ஆள் வந்தாச்சு” என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர் இந்தம்மாதான்.

“காலையில ஒண்ணு வந்துச்சு, சரிப்பட்டு வரலை,” என்றார் குழாயை மூடிக்கொண்டே. “உன்கிட்ட எதுவும் கேட்கவே வேணாம். எந்த மாதிரி குடும்பம்னு முகத்துலயே எழுதியிருக்கே.”

அவள் முகத்தில் ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டாள்.

“வீடு உனக்குத்தாம்மா. சாயங்காலத்துக்குள்ள உறுதியாச் சொல்லிடு. இன்னொருத்தன் நச்சரிச்சுக்கிட்டே இருக்கான்.”

தெருமுனையில் மனித உரிமை ஆணையத்தின் கார் நின்றது. முன் இருக்கையில் அவளுடைய ஆபீஸ் மேடம், பின்னால் யூனிபார்மோடு நர்ஸ்.

“கிடைச்சுதா?” என்றார் மேடம்.

“கிடைச்சுது.”

“பதினோரு வீடு ஏறி இறங்கியாச்சும்மா,” என்றார் நர்ஸ். “எந்தத் தெருன்னு கேட்பாங்க, சொல்லுவேன், கதவைச் சாத்துவாங்க. இதுக்கே எனக்கு ஒரு டிகிரி குடுக்கலாம்.”

ஆணையத்தின் வழி இதுதான். வீடு மறுத்தார்கள் என்று புகார் வந்தால் இன்னொரு ஆளை அதே வீட்டுக்கு அனுப்புவார்கள். அதே வயது, அதே வேலை, அதே சம்பளம், அதே அளவு குடும்பம் என்று சொல்ல வேண்டும். வேறாக இருக்கவேண்டியது ஒன்றே ஒன்று. அது மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். அந்த ஒன்றால்தான் வீடு போனது என்று அப்போதுதான் நிரூபிக்க முடியும்.

மாலைக்குள் அறிக்கை போனால், வீட்டை வேறு யாருக்கும் விடக்கூடாதென்று உத்தரவு வாங்கிவிடலாம். போகாவிட்டால் நர்ஸுக்குப் பன்னிரண்டாவது வீடு.

“எனக்குத் தெரியும். உன்னை அனுப்பினா சந்தேகமே வராது,” என்று படிவத்தை நீட்டினார் மேடம். “கையெழுத்துப் போடு.”

புகார்தாரர், சோதனையாளர் என்று இரண்டு கட்டங்கள். கடைசி வரி, சமூகம்.

நர்ஸின் பெயருக்கு நேரே நர்ஸே எழுதியிருந்தார்.

அவள் பெயருக்கு நேரே மேடம் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். ‘வேறு.’

அவள் அதை மூன்று தடவை படித்தாள்.

காலையில் வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்று, “நீ போ” என்றார் மேடம். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த சான்றிதழில் எல்லாம் இருக்கிறது, மேடம் பார்த்திருப்பார், ஏதோ கணக்கோடுதான் அனுப்புகிறார் என்று நினைத்து மாடி ஏறிவிட்டாள்.

இதற்கு முன்னால் அவள் வேலை பார்த்த இடங்களில், முதல் நாள் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் யாராவது ஒருத்தர் எந்தத் தெரு என்று கேட்டுவிடுவார்கள். இந்த ஆபீஸில் இரண்டு வருஷமாக ஒருவரும் கேட்டதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தாள். அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

மாடியில் அந்தம்மாவும்தான் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து ‘வேறு’ என்பதை அடித்தாள். நர்ஸ் எழுதியிருந்ததைப் பார்த்து, அதையே பக்கத்தில் எழுதினாள்.

“என்னம்மா இது?”

“நானும் அக்கா ஆளுங்கதான் மேடம்.”

“ஐயோ, உன்னைப் பார்த்தா தெரியவே...” என்று ஆரம்பித்த மேடம் பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் காது மடல்வரை சிவந்துபோனது. படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அப்போ சோதனை செல்லாமப் போயிடுமே,” என்றார் மெதுவாக.

“அப்போ வீடு?” என்றார் நர்ஸ்.

நர்ஸ் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

அவள் போனை எடுத்து, பதிவு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டாள். கார்க் கதவைத் திறந்தாள்.

“எங்கம்மா போற?”

“புதுப் படிவம் எடுங்க மேடம். ரெண்டு கட்டத்துலயும் என் பேரையே போடுங்க. ஒரே ஆளு, ஒரே வீடு, அரை மணி நேரம். எது மாறினதால வீடு போச்சுன்னு இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வராது.”

“வேணாம்மா,” என்றார் நர்ஸ். “அங்க நின்னு கேட்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்க்கா.”

இரண்டு இரண்டு படியாக ஏறினாள். மணியை அடித்தாள்.

கதவு அகலமாகத் திறந்தது.

“வாம்மா, வா!” வீட்டுக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். “என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?”

“ஆமாம்மா,” என்றாள். “ஒண்ணு சொல்லாம போயிட்டேன்.”