ஃப்ரிட்ஜில் தூங்கிய குளவிகள்

“இன்னும் ஒண்ணுகூட அசையலையேங்க!”

கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள் அவள். குழாய்க்குள் ஒரு சின்ன அட்டை. அதன்மேல் மிளகுத்தூளைத் தூவியதுபோல் அந்துப்பூச்சி முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு குளவி வளர்ந்துகொண்டிருக்கும். வெளியே வந்தாலும் பேனாவால் வைத்த புள்ளி அளவுதான். ஆனால் கரும்பைத் துளைக்கிற புழுவை முட்டையிலேயே தீர்த்துக்கட்டிவிடும்.

“வரும், வரும். பேசாம டீயைக் குடி” என்றான் கணவன். அந்தக் குளவிப் பண்ணையின் வேன் ஓட்டுநர் அவன். ஃப்ரிட்ஜ் அவள் பொறுப்பு.

“தொண்டையில இறங்கணுமே!”

எப்படி இறங்கும்? வயலுக்குப் போகிற நாள்வரை குளவிகளை இதமான குளிரில் தூங்கவைப்பதுதான் அவள் வேலை. முந்தாநாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். குளிரை அளவோடு நிறுத்த வேண்டிய கருவி கெட்டுப்போய், அட்டைகள்மேல் பொடிப்பொடியாகப் பனி படிந்திருந்தது. அளவு மீறிய குளிர் குளவிகளுக்கு எமன். தூங்குகின்றனவா, செத்தேவிட்டனவா? பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே கறுப்புதான்.

சோதித்துப் பார்க்க ஒரே ஒரு வழி இருந்தது. பனி பிடித்த அட்டைகளில் ஒன்றைக் குழாயில் போட்டு, அறையின் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். அன்றைக்கே அப்படி வைத்துவிட்டாள். குளவிகள் வெளியே வந்தால் மற்ற அட்டைகளையும் நம்பி அனுப்பலாம். வராவிட்டால் அத்தனையும் குப்பைக்கு.

குப்பைக்குப் போவதுகூடப் பெரிதில்லை. அவற்றுக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பவன் அவளுடைய அண்ணன். போன முறை அவன் கரும்பைப் புழு சக்கையாக்கிவிட்டது. இந்த முறை மருந்து அடிக்கக் கிளம்பியவனை, “வேணாம்ணே, என் குளவியை நம்பு” என்று தடுத்தவளே அவள்தான்.

போன் அடித்தது. அண்ணனேதான்.

“தங்கச்சி, இலையெல்லாம் முட்டை வெச்சிருக்கு. பொரிஞ்சு புழு தண்டுக்குள்ள போயிட்டா அப்புறம் யார் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. அனுப்புறியா, இல்ல இன்னிக்கே மருந்தை அடிச்சுடவா?”

“அய்யோ, அடிச்சுடாதண்ணே! மருந்து பட்டா குளவியும் சேர்ந்து செத்துடும். கொஞ்சம் பொறு, சொல்றேன்.”

“உன் பேச்சை நம்பித்தான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஞாபகம் வெச்சுக்க.”

போனை வைத்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். தப்பித்தவறிச் செத்த அட்டைகள் போய்விட்டால், அவற்றை வயலில் கட்டிவிட்டு அண்ணன் நிம்மதியாகப் படுத்திருப்பான். புழு பாட்டுக்கு உள்ளே குடைந்துகொண்டிருக்கும்.

“அட, இதுக்கெல்லாமா அழுவாங்க?” கணவன் பதறிப்போனான். “நான் சொல்றேன், கண்டிப்பா வரும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது... மனசு சொல்லுது.”

கல்யாணமான நாளிலிருந்து ‘உன் கொசுக்கூட்டம்’ என்று கிண்டலடிக்கிறவன், குளவிகளுக்காக இப்படிப் பரிந்து பேசியது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மேலாளர் உள்ளே வந்தார். “என்னம்மா, அனுப்புறோமா, கொட்டுறோமா? வயல்காரங்க போன் மேல போன் போடுறாங்க. எனக்குப் பதில் சொல்லி மாளலை.”

“சார், இன்னும் கொஞ்ச நேரம்...”

சொல்லிக்கொண்டே குழாயைத் திருப்பியவள் அப்படியே நின்றாள். கண்ணாடியில் ஒரு புள்ளி நகர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒன்றில்லை. வெளிச்சம் வந்த பக்கமாகக் கும்பலாக ஏறிக்கொண்டிருந்தன.

“சார்! வந்துடுச்சு சார்! உயிரோட இருக்கு சார்!”

மேலாளர் பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். “இறக்கையெல்லாம் அழகா விரிஞ்சிருக்கே! ம்... ஏத்துங்கப்பா வேன்ல!”

அவள் தலையிலிருந்து ஒரு மலையே இறங்கியது. ஃப்ரிட்ஜிலிருந்த அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கித் தன் கையாலேயே வேனில் ஏற்றினாள். கணவன் ஹாரனை அடித்துக்கொண்டு பறந்தான். இரண்டு நாளாகத் தொடாத சோற்றை அன்றுதான் ருசித்துச் சாப்பிட்டாள்.

கை கழுவும்போது போன் வந்தது. அண்ணன் குரலில் அப்படியொரு தெம்பு.

“தங்கச்சி, கடைசி அட்டையும் கட்டியாச்சு! வாங்கி வெச்ச மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துட்டேன். நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை? இந்தா, மாப்பிள்ளை பேசணுமாம்.”

“என்ன, அழுகை நின்னுச்சா?” கணவன் சிரித்தான். “இப்ப ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. நேத்து டீயை வைக்கிறப்ப உன் குழாயைத் தட்டி உடைச்சுட்டேன். அட்டையும் டீயில நனைஞ்சு நாசமாப் போச்சு. நீ பார்த்தா ஊரையே கூட்டிடுவியேன்னு, வளர்ப்பு அறையில இருந்து வேற ஒண்ணை எடுத்துப் புதுக் குழாயில போட்டு வெச்சேன். ஃப்ரிட்ஜையே பார்க்காத அட்டை அது, வராம எங்க போகும்?”