மெழுகு போடும் நேரம்

அன்றைக்கு டோர்டிஸ் நிற்கவே இல்லை.

டோர்டிஸும் ரான்வெய்யும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் சிநேகிதிகள். பனிக்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் ஒஸ்லோவுக்கு மேலே இருக்கும் காட்டில், காலில் ஸ்கி பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கப் போவார்கள். ஒவ்வொரு மேட்டிலும் பாதியில் நிற்பது டோர்டிஸின் வழக்கம்.

"இருடி, ஸ்கி பின்னால வழுக்குது. அடியில மெழுகு தேய்ச்சுக்கறேன்" என்று டப்பாவை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். அவள் எழுந்திருக்கும்வரை ரான்வெய் தன் சறுக்குக் கோல்களில் சாய்ந்து நிற்பாள்.

ரான்வெய்க்குச் சிரிப்பாக வரும். உடம்பெல்லாம் தோல் இறுகிப்போகிற வியாதி இருப்பது ரான்வெய்க்குத்தான். விரல்கள்கூடச் சரியாக மடங்காது. ஆனாலும் வழியில் நிற்பது அவளல்ல.

"அடியில ரோமப் பட்டை வச்ச ஸ்கி கடையில விக்கறான். மெழுகே வேண்டாம். வாங்கித் தொலையேன்டி."

"அதெல்லாம் சோம்பேறிங்களுக்கு" என்பாள் டோர்டிஸ்.

போன வாரம் ரான்வெய்யின் வருடாந்திரப் பரிசோதனைக்கு டோர்டிஸும் துணைக்குப் போயிருந்தாள். இந்த வியாதி சத்தமில்லாமல் இதயத்துக்குள்ளும் நுழையும் என்பதால், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கா? பாதி வழியில நிக்கறது இதோ, இவதான்" என்றாள் ரான்வெய்.

டாக்டர் சிரித்தார். ஈசிஜியும் எக்கோவும் சுத்தமாக இருந்தன. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வீடு வரும் வழியில், டாக்டர் கேட்ட கேள்வியை டோர்டிஸ் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

இந்த ஞாயிறு டோர்டிஸ் நிற்காமல் அவள்பாட்டுக்கு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மெழுகு போடலையா?"

"வேண்டாம். நீ வா."

பாதி மேட்டில் ரான்வெய்க்கு நெஞ்சை அடைத்தது. கோல்களை ஊன்றிக் குனிந்தவள், அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். டோர்டிஸ் உடனே பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லு" என்றாள். விட்டுவிட்டுப் போனதற்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். இதயத் தசையில் அழற்சி இருந்தது, தழும்பும் விழத் தொடங்கியிருந்தது.

"மத்த டெஸ்ட்ல சிக்காம ஒளிஞ்சிருந்திருக்கு. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. மருந்துல கட்டுப்படுத்தப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

ரான்வெய்க்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் அதிகம். நோயாளி என்று தெரிந்தே விட்டுவிட்டு ஓடினாளே, இவளெல்லாம் ஒரு சிநேகிதியா? டோர்டிஸின் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

இந்தப் பனிக்காலம் சறுக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. தன் ஸ்கிகளை எடுத்துவைக்கக் கட்டடத்தின் கீழ்த்தளப் பொது அறைக்குப் போனாள். கையில் வலுவில்லை. அவை சரிந்து, சுவரோரம் சாய்ந்திருந்த டோர்டிஸின் ஸ்கிகளையும் குப்புறத் தள்ளின.

முணுமுணுத்துக்கொண்டே எடுக்கக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவற்றின் அடியில் மெழுகு பட்ட சுவடே இல்லை. நடுவில் ரோமப் பட்டை, பல பனிக்காலம் உழைத்துத் தேய்ந்து போயிருந்தது.