விற்ற பெட்டி

"வித்துப்போட்டன் சேர்."

சொல்லிவிட்டுச் சுதாஜினி தலை குனிந்துகொண்டாள். தர்ஷனின் பேனா படிவத்தில் 'தச்சுக் கருவிப் பெட்டி' என்ற வரியிலேயே நின்றது.

நெடுங்கேணியில் தச்சுப் பயிற்சி முடித்த இருபது பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் போன வருடம் அந்தப் பெட்டிகளைக் கொடுத்திருந்தது. அவை பாவனையில் இருக்கின்றனவா என்று பார்க்க அந்த நிறுவனத்தின் அலுவலரான அவன் வந்திருந்தான். உதவியாகக் கிடைத்ததை விற்றால் இனி எந்த உதவிக்கும் பெயர் போடமாட்டார்கள் என்று சொன்னான். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. வேலிக்கு அப்பால் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சுதாஜினிக்கு முகம் கறுத்தது. அவள் அவனை வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே முதிரை மரக் கதவொன்று முடிகிற நிலையில் கிடந்தது. பொருத்துகளில் ஒரு தாள் நுழையவும் இடமில்லை. மேசையில் ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு சாணைக்கல். அவ்வளவுதான்.

தர்ஷன் உளி ஒன்றை எடுத்தான். அதன் வாயைப் பெருவிரல் நகத்தில் வைத்து மெல்லச் சரித்துப் பார்த்தான். வழுக்கவில்லை, கவ்விப் பிடித்தது; அவ்வளவு கூர். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டபோது அவன் குரல் தணிந்திருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். பெட்டியில் வந்த உளிகளால் அவள் செய்த முதல் வேலை, ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டுக் கதவு. தீட்டித் தீட்டிப் பார்த்தாள். முதிரையில் நாலு தட்டுத் தட்டுவதற்குள் உளியின் வாய் மடிந்துவிடும். பொருத்துகள் பிய்ந்துபோக, கதவு கொண்டுபோன லான்ட்மாஸ்ரர் வண்டியிலேயே திரும்பி வந்தது. பெண்ணிடம் வேலை கொடுத்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் சனத்துக்கு முன்னால் சொன்னார்.

"என்ர கைதான் சரியில்லை எண்டு நினைச்சன். மூண்டு மாதம் வெளியில முகம் காட்டேல்லை."

பிறகு ஒருநாள் சந்தையடிப் பட்டறையில் வீரபாகு என்கிற ஓடாவியார், மரவேலையில் பழுத்த தச்சர், தன் உளியை ஒரேயொரு வெட்டுக்குக் கொடுத்தார். அதே மரம், அதே கை. வெட்டு வழுவழுவென்று விழுந்தது. அன்றைக்கே பெட்டியையும் காதில் கிடந்த தோட்டையும் விற்று, மேசையில் கிடந்த நாலு சாமானையும் வாங்கினாள். இப்போதெல்லாம் காலையில் அரை மணித்தியாலம் சாணைக்கல்லோடு இருந்த பிறகுதான் மரத்தைத் தொடுகிறாள்.

தர்ஷன் உளியை மெதுவாக மேசையில் வைத்தான். அவளோடு பயிற்சி எடுத்த மற்றப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டான்.

"கனபேர் விட்டிட்டினம் சேர். தங்கட கை பிழையெண்டு நினைச்சிருப்பினம்."

அவன் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தன்னால்தான் அந்தப் பொடியனுக்கு வேலையில் ஏதும் கரைச்சல் வரப்போகிறதோ என்று சுதாஜினிக்கு மனம் இளகிவிட்டது.

"எழுத வேண்டியதை எழுதுங்கோ தம்பி. பெட்டி வாங்கித் தந்த ஆக்களையும் நான் குறை சொல்லேல்லை. பாவம், அவையளுக்குத் தச்சு வேலை தெரியாதுதானே."

தர்ஷன் குனிந்த தலை நிமிரவில்லை.

"தெரியும் அக்கா. என்ர அப்பா ஓடாவி. வாங்கினது நான்தான்."