தலையசைப்பு

“முதல் பரிசு, செண்பகவல்லி கோமதிநாயகம்.”

ஒலிபெருக்கியில் பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து அவன் எட்டிப் பார்த்தான். பேக்கரிப் பயிற்சி முடித்த பல ஊர்ப் பெண்களும் முன்வரிசைகளில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன் மனைவி.

யாரும் எழவில்லை.

இப்போது திரும்புவாள். அவள் கண்ணில் படும்படி அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இல்லாத குரல்கள் அவளை ஆட்டிப்படைத்த நாட்களில் வந்த பழக்கம் அது. குக்கர் விசிலோ, வாசலில் யாரோ கூப்பிடுவதோ, எது கேட்டாலும் அவனைப் பார்ப்பாள். அவனுக்கும் கேட்டிருந்தால் தலையை ஆட்டுவான். இல்லையென்றால் சிரிப்பான். அவள் விட்ட வேலையைத் தொடர்வாள்.

டாக்டர் புரியும்படி சொல்லியிருந்தார். அந்தக் குரல் மூளையில் பிறப்பது. ஆனால் காதில் விழுவது போலவே இருக்கும். மாத்திரை அதன் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். மிஞ்சுவதில் எது உள்ளே, எது வெளியே என்று பிரித்தறிய அவள்தான் பழக வேண்டும்.

பழகினாள். மாத்திரை தந்த தூக்கத்தோடும் கை நடுக்கத்தோடும் மாவு பிசைந்தாள். கல்லாகிப்போன பன்களையெல்லாம் அவன்தான் தின்று தீர்த்தான். தொப்பை விழுந்ததுதான் மிச்சம்.

“ஆளு வரலியோ?” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

“வந்திருக்காண்ணே. கொஞ்சம் பொறுங்க.”

அடுத்த பெயரை வாசிக்க மேடையில் தாளைப் புரட்டினார்கள். எழுந்து கத்திவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. நிஜம்தான் செண்பகம், உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அவள் திரும்பவில்லை.

வலப்பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண், பரிசு வாங்கியவள் யாரென்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்துப் பெண்ணும் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

எழுந்தாள். புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு நேரே மேடைக்கு நடந்தாள். அவன் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பரிசைவிட, அவள் தன்னைத் தேடாமல் போனதுதான் நெஞ்சை நிறைத்தது.

கேடயத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் கூட்டத்தில் அவனைத் தேடினாள். எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் கண் கலங்கி, நம்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தான்.

அவள் தலையை ஆட்டினாள்.